மக்கு என்றனர், பசி என்கிறோம்!



பொழுது புலருமுன்னரே விழித்துக் கொள்ளும் ஊர் படப்பை. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையிலே, ஒரகடத்துக்கு இப்பால், ஏரியும் வயலுமாய் இருந்த ஊர். இன்று அவ்வூரின் விடியலை அறிவிப்பது சேவலல்ல. கம்பெனிப் பேருந்தின் ஊதல்! வரிசை வரிசையாக வந்து நிற்கின்றன வண்டிகள். சீருடை அணிந்த காளையர், கழுத்திலே அடையாள அட்டை ஊசலாடும் இளமங்கையர், உறக்கம் கலையாத கண்களோடு ஏறுகின்றனர். ஒரகடத்திலே மகிழுந்து செய்கின்றனர்; சரக்குந்து செய்கின்றனர்; அவை உருண்டோடச் சக்கரமும் செய்கின்றனர். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் சென்றாலோ, உலகத்தார் உள்ளங்கையிலே வைத்து உறவாடும் கைப்பேசிகளைச் செய்து குவிக்கின்றனர். இவ்வளவும் செய்யும் கரங்கள் நம் கரங்கள்!

அந்த ஊரிலே அண்மையில் ஒரு தெருமுனைக் கூட்டம். பேசி முடித்து, தோழர் ஒருவர் இல்லத்திலே இரவைக் கழித்து, விடியற்காலையிலே பேருந்துக்காகச் சாலையோரம் நின்றேன். இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், இடுப்பிலிருந்த குழந்தையைத் தன் தாயின் கையிலே கொடுத்தாள். கொடுத்த வேகத்திலே பேருந்தில் ஏறினாள். குழந்தை அழுதது. வண்டி நகர்ந்தது. மூதாட்டி அருகிலிருந்த தேநீர்க் கடையிலே ஒரு டீ வாங்கினார். ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார். ஒவ்வொன்றாய் நனைத்துப் பேரனின் வாயிலே ஊட்டினார்.

"யாரம்மா அந்தப் பெண்?" என்றேன்.

"எம் பொண்ணுதான் தம்பி. கம்பெனிக்குப் போறா. இனிமே சாயங்காலம்தான் வருவா."

"பிள்ளைக்குக் காலையிலே இதுதான் ஆகாரமா?"

"இதைத்தான் கேக்குறான். சோறு பொங்க நேரமாவுது. அவளே ஒண்ணும் சாப்பிடாமத்தான் ஓடுறா."

"வேறு பிள்ளை உண்டா?"

"பெரியவன் ஒருத்தன் இருக்கான். அவனைக் கேக்காதே தம்பி. மக்கு! எட்டு வயசாவுது, எழுத்துக் கூட்டத் தெரியல. ஸ்கூல்ல காலையில உப்புமா போடுறாங்க, அதுக்காகத்தான் போறான். படிப்பு அவன் தலையில எழுதல."

"அவனும் சின்ன வயதிலே இப்படி டீயும் பிஸ்கட்டும் தின்றுதானே வளர்ந்தான்?"

"எல்லாம் இப்படித்தான் வளந்துச்சு."

மக்கு! ஈரெழுத்தும் ஒரு மெய்யும் சேர்ந்த சிறு சொல். ஆனால், தோழர்களே, அது ஒரு தீர்ப்பு! விசாரணையின்றி, சாட்சியின்றி, எட்டு வயதுச் சிறுவன்மீது வழங்கப்பட்ட ஆயுள் தண்டனை! "படிப்பு வராது" என்கிறார் ஆசிரியர். "தலையெழுத்து" என்கிறார் பாட்டி. "பரம்பரை அப்படி" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மூவரும் மூன்று மொழியிலே ஒரே பொய்யைச் சொல்கின்றனர். அந்தச் சிறுவனுக்காக வழக்காட வந்திருக்கிறேன் இன்று. நீங்களே நடுவர்கள்!

மூளை என்பது என்ன? காற்றிலே மிதக்கும் ஆவியா? ஆண்டவன் அளந்து ஊற்றிய அமுதமா? அன்று, அன்று! அது உடம்பின் ஓர் உறுப்பு. வளர்ந்த மனிதனின் எடையிலே நூற்றுக்கு இரண்டு பங்குதான் மூளை. ஆனால் உடம்பு செலவிடும் ஆற்றலிலே ஐந்தில் ஒரு பங்கை அதுவே கேட்டு வாங்குகிறது. குழந்தையிடமோ அதன் பசி கோரப் பசி! ஐந்து வயதையொட்டி, ஓய்ந்திருக்கும் உடம்பு செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை மூளையே உண்டுவிடுகிறது என்று கணக்கிட்டிருக்கின்றனர் உடலியல் ஆய்வாளர்கள். இரண்டு வயது நிறையும்போதே மூளை தன் முழு வளர்ச்சியில் ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது. அடித்தளம் போடும் அந்த நாட்களிலே செங்கல்லும் சுண்ணாம்பும் வரவில்லையெனில், பின்னாளில் மாடத்துக்கு வண்ணம் பூசி என் செய்வது?

இரும்புச்சத்து வேண்டும் மூளைக்கு; நரம்புகளுக்கு உறை வேயவும், சேதி கடத்தும் வேதிப் பொருள்களை ஆக்கவும். அந்த இரும்பு குறைந்த குழந்தை சோர்ந்து கிடக்கும், கூப்பிட்டால் திரும்பாது, கரும்பலகையை நோக்கும், ஆனால் காணாது. அயோடின் வேண்டும், அது இல்லாத மண்ணிலே ஊர் ஊராகக் குழந்தைகளின் அறிவுத்திறன் தாழ்ந்ததை உலகெங்கும் கண்டனர், ஒரு சிட்டிகை உப்பின் வழியே அதனை ஊட்டி, அந்த இழிவைத் துடைத்தனர். புரதம் வேண்டும். கொழுப்பு வேண்டும். இவற்றிலே எது இருக்கிறது அந்த டீ குவளையிலே? இருப்பதைக் கெடுப்பதுதான் அதிலே இருக்கிறது! தேநீரின் துவர்ப்பு, உண்ட உணவின் இரும்பை உடம்பு ஏற்கவொட்டாமல் தடுக்கிறது. பேரனுக்குப் பாசத்தோடு பாட்டி ஊட்டியது, பசியாற்றும் உணவல்ல. பசியை மறைக்கும் திரை!

"அறிவு பிறவியிலே வருவது" என்று பேசிய மேதாவிகள் உண்டு. இங்கிலாந்திலே பிரான்சிசு கால்டன் என்பார் 1869-ஆம் ஆண்டிலேயே, மேதைமை பரம்பரைச் சொத்து என்று நூலெழுதினார். நீதிபதியின் மகன் நீதிபதியாகிறான், பார்த்தீரா என்றார். நீதிபதியின் மகன் காலையிலே என்ன உண்டான் என்று அவர் கேட்டாரில்லை! இந்த நாட்டிலே அத்தகைய சித்தாந்தத்துக்கு நூலெழுத வேண்டிய தேவையே இருந்ததில்லை. நூல் அணிந்தே அதைச் சொல்லி வந்தனர். 1953-இலே இந்த மாகாணத்திலே என்ன நடந்தது? அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில்! குயவன் மகன் சக்கரம் சுற்றட்டும். வண்ணான் மகன் வெளுக்கட்டும் என்றது ஒரு திட்டம். நாடு கொதித்தது. அடுத்த ஆண்டிலே அந்தத் திட்டம் குப்பைக்குச் சென்றது.

வேடிக்கை ஒன்று கேளுங்கள். அறிவை அளக்கும் சோதனையை 1905-இலே வகுத்தவர் பிரெஞ்சு நாட்டு ஆல்பிரட் பினே. எதற்காக வகுத்தார்? எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் துணை வேண்டும் என்று கண்டறிய! அறிவென்பது மாறாத அளவு என்று பேசியோரை அவரே மறுத்தார். மருத்துவர் கொடுத்த வெப்பமானியைப் பிடுங்கி, காய்ச்சல்காரனின் நெற்றியிலே "இவன் பிறவிச் சூடன்" என்று எழுதியோர் பின்னால் வந்த பரம்பரைவாதிகள்!

சான்று கேட்பீர்கள். தருகிறேன்.

முதற் சாட்சி, நம் குன்னூர் மலையிலிருந்து. 1918-இலே அங்கே இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் சத்துணவு ஆராய்ச்சியைச் சிறு அறையிலே தொடங்கினார். அது வளர்ந்து, 1958-இலே ஐதராபாத் சென்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாய் நிற்கிறது. அவர் ஒரே வளர்ப்பைச் சேர்ந்த எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்நாட்டின் ஒவ்வொரு பகுதி மக்கள் உண்ணும் உணவைக் கொடுத்தார். முழுக் கோதுமையும் பாலும் பருப்பும் காயும் கொண்ட பஞ்சாபியர் உணவை உண்டவை செழித்தன. தீட்டித் தவிடகற்றிய அரிசியையே நம்பிய சென்னை மாகாணத்து ஏழையின் உணவை உண்டவை மெலிந்தன, குறுகின, நோயுற்றன. எலிக்கு ஏது குலம்? எலிக்கு ஏது தலையெழுத்து? உணவு மாறியது, உடல் மாறியது. அவ்வளவே!

இரண்டாம் சாட்சி, கடல் கடந்து, நடு அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டிலிருந்து. 1969 முதல் 1977 வரை அங்கே நான்கு சிற்றூர்கள். இரண்டில் குழந்தைகளுக்குப் புரதம் நிறைந்த கஞ்சி. மற்ற இரண்டில் புரதமற்ற இனிப்புப் பானம். ஆண்டுகள் உருண்டன. குழந்தைகள் வளர்ந்து, மணமாகி, தொழிலில் அமர்ந்தபின் ஆய்வாளர்கள் மீண்டும் சென்றனர். மூன்று வயதுக்குள் கஞ்சி குடித்த ஆண்கள், மணிக்கு ஈட்டிய கூலி 46 விழுக்காடு மிகுந்திருந்தது! பெண்கள் ஓராண்டுக்கும் மேலாகக் கூடுதலாகப் படித்திருந்தனர்; எழுத்தைப் படித்துப் பொருளுணரும் திறன் இருபாலாருக்கும் உயர்ந்திருந்தது. மூன்று வயதுக்குப் பின் குடித்தவர்களுக்கோ அந்தக் கூலி உயர்வு கிட்டவில்லை. நினைவிலே நிறுத்துங்கள், தோழர்களே, இந்தக் கடைசி வரியை! பின்னர் அதற்கு வருவேன்.

மூன்றாம் சாட்சி, ஜமைக்காத் தீவிலிருந்து. வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள். சிலருக்குப் பால் உணவு; சிலருக்கு வாரந்தோறும் வீட்டுக்கே வந்து தாயோடு சேர்ந்து விளையாடவும் பேசவும் கற்றுத் தந்த பணிப்பெண்; சிலருக்கு இரண்டும். இரண்டாண்டு முடிவிலே, இரண்டும் பெற்றவர்கள் நன்கு வளர்ந்த பிள்ளைகளை ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிட்டனர்! பாலால் மட்டும் வந்த முன்னேற்றம் நாளடைவிலே மங்கியது. விளையாட்டும் பேச்சும் பெற்றவர்களோ, இருபதாண்டு கழித்தும், பெறாதவர்களைவிட 25 விழுக்காடு மிகுதியாகச் சம்பாதித்தனர். வயிற்றுக்குச் சோறு, செவிக்குச் சொல். இரண்டும் ஈந்தால்தான் மூளை மலரும்.

சான்றுகள் முடிந்தன. இனி வரலாறு.

சோறு போட்டால் பிள்ளை படிப்பான் என்பதை ஆய்வுக்கூடம் சொல்லுமுன்பே கண்டுகொண்டது தமிழ்நாடு! 1920, செப்டம்பர். சென்னை மாநகராட்சியின் தலைவராக வெள்ளுடை வேந்தர் தியாகராயர் வீற்றிருந்த நேரம். ஆயிரம் விளக்குப் பள்ளியின் ஏழைப் பிள்ளைகளுக்கு, நாளொன்றுக்கு ஒரு பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி வழங்கத் தீர்மானம் நிறைவேறியது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது. அந்த ஐந்து பள்ளிகளிலே 1922–23-இல் படித்த பிள்ளைகள் 811. 1924–25-இல் 1,671! ஓர் அணா செய்த விந்தை!

பிறகு? வெள்ளை அரசு தடுத்தது. தொடக்கக் கல்வி நிதியைச் சோற்றுக்குச் செலவிடலாகாது என்றது. 1925 ஏப்ரலிலே உலை அணைந்தது. அதே வெள்ளையர், தம் நாட்டிலே என்ன செய்தனர்? போயர் போருக்கு ஆளெடுத்தபோது வந்த இளைஞரெல்லாம் நோஞ்சானாய் நிற்கக் கண்டு நடுங்கி, பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்க ஊராட்சிகளுக்கு அதிகாரம் தந்து 1906-லேயே சட்டம் செய்தனர்! இலண்டன் பிள்ளையின் வயிற்றுக்குச் சட்டம்; சென்னைப் பிள்ளையின் வயிற்றுக்குத் தணிக்கைக் குறிப்பு! படைக்குச் சிப்பாய் வேண்டியபோதுதான் அந்தப் பேரரசுக்குத் தன் பிள்ளையின் விலா எலும்பு கண்ணிலே பட்டது. அடிமையின் பிள்ளையுடைய விலா எலும்பு படவேயில்லை.

அணைந்த உலையை மீண்டும் மூட்டியவர் காமராசர். 1956-இலே எட்டயபுரத்திலே மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. கல்வித்துறை இயக்குநராயிருந்த நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராய்ச் சென்றார். ஊர்மக்கள் அரிசி தந்தனர், காய் தந்தனர், விறகு தந்தனர். 1982 ஜூலை முதல் நாள், திருச்சி மாவட்டம் பாப்பாகுறிச்சியிலே எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பொருளாதாரம் படித்தோர் புருவம் உயர்த்தினர். கருவூலம் காலியாகும் என்றனர். 1989-இலே கலைஞர் ஆட்சியில் தட்டிலே முட்டை ஏறியது. இரு வாரத்துக்கு ஒன்றாய்த் தொடங்கி, 2010-இலே வாரத்துக்கு ஐந்தாயிற்று. 2001 நவம்பர் 28-இலே உச்சநீதிமன்றம், நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தந்தாக வேண்டும் என்று ஆணையிட்டது. தமிழகம் மூட்டிய அடுப்பு, நாட்டுக்கே சட்டமாயிற்று! 2022 செப்டம்பர் 15-இலே மதுரையிலே காலை உணவுத் திட்டம். 1,545 பள்ளிகளிலே தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25-இலே திருக்குவளையில் விரிவாக்கி, மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது.

கட்சிகள் மாறின, கொடிகள் மாறின, அரியணையில் அமர்ந்தோர் மாறினர். உலை மட்டும் மாறவில்லை. மாற்றார் மூட்டியதாயினும் பிள்ளையின் பசியாற்றிய நெருப்பைப் போற்றுவதே பண்பாடு.

இதைக் கண்டு எரிச்சலடைவோரும் இருக்கின்றனர். 2023 ஆகஸ்ட் முடிவிலே, காலை உணவு விரிந்த சில நாட்களுக்குள், ஒரு தமிழ் நாளேடு முதற் பக்கத்திலே தலைப்பிட்டது: பிள்ளைகள் இருவேளை உண்பதால் பள்ளிக் கழிப்பறை நிரம்புகிறதாம்! தோழர்களே, வெட்கம் என்றொரு சொல் நம் அகராதியிலே இருக்கிறது. அந்த ஏட்டை நடத்துவோர் இல்லத்துப் பிள்ளைகள் காலையில் உண்பதில்லையா? உண்டபின் அவர்கள் இல்லத்துக் கழிப்பறை என்னாகிறது? ஏழைப் பிள்ளையின் வாயிலே சோறு விழுந்தால் மட்டும் செய்தியாகிறது. அவன் பசித்து மயங்கி விழுந்தபோது செய்தியாகவில்லை!

"இலவசம், இலவசம்" என்று இகழ்வோர் வேறு. கணக்கே பேசுவோம். மதுரையிலே தொடங்கிய முதற் கட்டத்துக்கு ஒதுக்கியது 33 கோடியே 56 இலட்சம் ரூபாய். பயன்பெற்ற பிள்ளைகள் 1,14,095. வகுத்துப் பாருங்கள்: ஒரு பிள்ளைக்கு ஓராண்டுக்கு மூவாயிரம் ரூபாய்க்கும் குறைவு! அறுபதாயிரம் ரூபாய் விலையுள்ள கைப்பேசி ஒன்றை நீங்கள் கையிலே ஏந்தினால், இருபது பிள்ளைகளின் ஓராண்டுக் காலையுணவை ஏந்துகிறீர்கள். பலன் என்ன என்பீர்களா? இந்திய நாட்டிலே பள்ளி உணவை ஐந்தாண்டு உண்ட பிள்ளைகள், ஓராண்டும் உண்ணாத பிள்ளைகளைவிட வாசிப்புத் தேர்விலே 18 விழுக்காடும் கணக்கிலே 9 விழுக்காடும் மிகுதியாகப் பெற்றனர் என்று 2019-இலே ஓர் ஆய்வு காட்டியது. 2021-இலே வந்த மற்றோர் ஆய்வு இன்னும் வியப்பானது: சிறுமியாய்ப் பள்ளியிலே உணவு பெற்றவள் தாயானபோது, அவள் பெற்ற குழந்தையின் உயரமும் கூடியிருந்தது! பள்ளித் தட்டிலே வைத்த ஒரு பிடிச் சோறு, இன்னும் பிறவாத பேரப்பிள்ளைக்கும் ஊட்டுகிறது. இதற்குப் பெயர் இலவசமா? தலைமுறைக்கு இடும் முதலீடா?

நானே அந்தத் தட்டிலே உண்டவன். பள்ளியிலே முட்டை போடும் நாளில் எங்கள் வகுப்பிலே விடுப்பெடுத்தவன் எவனுமில்லை. காய்ச்சல்காரனும் போர்வையோடு வந்தான். நான் கல்லூரியின் படியேறி, பட்டம் பெறாமலே இறங்கியவன்; அது வேறு கதை. ஆனால் அந்தப் படி வரையிலாவது என்னைத் தூக்கிச் சென்றது, ஒரு வட்டத் தட்டும் அதிலிருந்த சாம்பார்ச் சோறும்தான். ஆகவே நான் பேசுவது ஏட்டறிவல்ல, வயிற்றறிவு!

இதுவரை நான் பேசியதற்குக் கைதட்டியிருப்பீர்கள். இனிப் பேசுவதற்குக் கைதட்ட மாட்டீர்கள். ஆயினும் பேசியே தீரவேண்டும். பகைவனுக்கு உரைப்பதைப் போலவே நண்பனுக்கும் உண்மை உரைப்பவனே தொண்டன்.

படப்பைச் சிறுவன் பள்ளியிலே உப்புமா உண்கிறான். பிறகும் எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. ஏன்? குவாத்தமாலாச் சாட்சியின் கடைசி வரியை நினைவிலே நிறுத்தச் சொன்னேனே, அதுதான் விடை. பள்ளித் தட்டு அவனுக்கு ஐந்து வயதிலே கிடைத்தது. அவன் மூளையின் அடித்தளமோ, கருவிலிருந்து இரண்டு வயது வரையிலான ஓராயிரம் நாட்களிலே, டீயிலும் பிஸ்கட்டிலும் போடப்பட்டுவிட்டது! பள்ளி உணவு அவனைத் தாங்குகிறது, இன்னும் தாங்கட்டும். அவன் கதவு அடைபட்டுவிடவில்லை. நல்ல உணவும் பொறுமையுள்ள ஆசிரியரும் அவனை எவ்வளவோ உயர்த்தலாம். ஆனால் நாம் நூறாண்டாய்ப் போராடிப் பள்ளி வாசலிலே உலை வைத்தோம். பசியோ பள்ளி வாசலுக்கு ஐந்தாண்டு முன்பே தொட்டிலிலே வந்து உட்கார்ந்துவிட்டது!

எண்களைக் கேளுங்கள். 2019–21-இலே எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டிலே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். நாட்டின் சராசரி 35.5, ஆகவே நாம் மேல் என்று மார்தட்டலாம். தட்டுமுன் அடுத்த எண்ணைக் கேளுங்கள்: இரத்தச்சோகை உள்ள குழந்தைகள் நூற்றுக்கு 57.4. நான்காண்டுகளுக்கு முந்தைய ஆய்விலே அது 50.7. ஏறியிருக்கிறது, தோழர்களே, இறங்கவில்லை! 15 முதல் 49 வயதுப் பெண்களிலே சோகையுற்றோர் 53.4. சத்துணவு கண்ட நாடு, காலையுணவு கண்ட நாடு, முட்டை கண்ட நாடு. அந்த நாட்டிலே பாதிக்கு மேற்பட்ட மழலைகளின் குருதியிலே இரும்பில்லை! இதை மேடையிலே நாம் சொல்வதுண்டா? சொல்லாமல் வெற்றியை மட்டும் முழங்குவோமெனில், நாமும் தீர்ப்பெழுதியவர் பக்கத்திலே நாற்காலி போட்டு அமர்ந்தவர்களாவோம்.

அந்த மூதாட்டியிடம் நான் சொன்னேன்: "அம்மா, டீயை நிறுத்துங்கள். கேழ்வரகுக் கஞ்சி கொடுங்கள், முட்டை கொடுங்கள், முருங்கைக்கீரை கொடுங்கள்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சொல்றது சுலபம் தம்பி. வாங்கக் காசு வேணும், ஆக்கக் கை வேணும். என் முட்டி வலிக்கு நான் எழுந்து நிக்கிறதே பெரிசு. அவளுக்கு நேரம் எங்க இருக்கு?"

நாணினேன். குற்றவாளியைத் தேடித் தாயின் முகத்திலே விரல் நீட்டும் அறிவுரைக்காரனாய் ஒரு கணம் நானும் ஆகிவிட்டேன். குற்றம் தாயினதா? அவள் விடியுமுன் ஓடுகிறாள். வெறும் வயிற்றோடு ஓடுகிறாள். இந்தத் தொழிற்சாலை நெடுவழியிலே பணியாற்றும் பெண்களின் உணவு எத்தகையது என்பதை 2021 டிசம்பரில் உலகமே கண்டது. கைப்பேசி செய்யும் பாக்ஸ்கான் ஆலையின் பெண்கள், விடுதி உணவால் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் நோயுற்று, 159 பேர் மருத்துவமனையில் சேர, தோழியர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையிலே அமர்ந்து மறித்தனர். அதன்பின்னரே, தங்குமிடமும் உணவுக்கூடமும் உரிய தரத்திலே இல்லை என்று ஒப்புக்கொண்டனர் பெருமுதலாளிகள். அந்தப் பெண்கள் யார்? நாளைய தாய்மார்கள்! அவர்கள் தட்டிலே விழும் புழு, நாளை பிறக்கும் குழந்தையின் மூளையை அரிக்கிறது என்பதை உணர்ந்தோமா? ஆலையின் உணவுக்கூடம் தொழிலாளர் சிக்கல் மட்டுமன்று. அது கல்விச் சிக்கல்! முதல் வகுப்பு அங்கே தொடங்குகிறது.

ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்திலே குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை சென்று பிள்ளையைப் பார்க்கலாம் என்று 2017-இலே திருத்திய மகப்பேறு நலச் சட்டம் விதித்தது. படப்பைச் சாலையிலே அந்தத் தாய் பிள்ளையைப் பேருந்தில் ஏற்றிக் காப்பகத்திலே விட்டாளா? இல்லை, பாட்டியின் நடுங்கும் கையிலே விட்டாள். ஆளில்லாமல் ஓடும் இயந்திரத்துக்குக் குளிரூட்டிய அறை உண்டு. ஆளையே ஈன்று தந்தவளின் பிள்ளைக்குத் தொட்டில் கட்ட ஒரு மூலை இல்லையா?

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கட்டடம் கட்ட வந்தோரின் பிள்ளைகள், மணற்குவியலின் மேல் விளையாடுகின்றனர். அவர்கள் பேசும் மொழி நமக்குப் புரியாது; பசியின் மொழி புரியுமன்றோ?

ஆகவே, தோழர்களே, கூட்டம் முடிந்து கலைந்து போகாதீர்கள். வேலை இருக்கிறது.

உங்கள் பகுதி அங்கன்வாடிக்குச் செல்லுங்கள். எடை பார்க்கிறார்களா, சத்துமாவு ஒழுங்காய் வருகிறதா, குழந்தைகளோடு பேசி ஆடிப்பாட அந்தப் பணியாளருக்கு நேரமிருக்கிறதா, அல்லது பதிவேடு நிரப்பியே பொழுது போகிறதா என்று கேளுங்கள். ஜமைக்காவின் பாடம் சோறு மட்டுமன்று, சொல்லும்கூட! வெளிமாநிலத் தொழிலாளி வீட்டுக் குழந்தையைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று பதிவு செய்யுங்கள். கருவுற்ற பெண் இரும்புச்சத்து மாத்திரை பெறுகிறாளா, பெற்றதை உண்கிறாளா என்று மகளிரணியினர் வீடு வீடாய்க் கேளுங்கள். எலுமிச்சையோ நெல்லியோ உடன் உண்டால் இரும்பு ஏறும், தேநீரோடு உண்டால் ஏறாது என்று கூறுங்கள். தொழிற்சங்கத் தோழர்களே, கூலி உயர்வுப் பட்டியலிலே முதல் வரியாய்க் காப்பகத்தை எழுதுங்கள். இரண்டாம் வரியாய் உணவுக்கூடத்தை எழுதுங்கள். ஆட்சியிலே இருப்போர் எவராயினும், அவரிடம் கேளுங்கள்: காலையுணவைத் தொடங்கியபோது ஐந்தாம் வகுப்பு வரை என்று கோடு கிழித்தனரே, பசி ஐந்தாம் வகுப்பிலே தேர்ச்சி பெற்று விடைபெற்றுப் போய்விடுகிறதா? ஊருக்கெல்லாம் சோறாக்கும் சத்துணவுப் பணியாளரின் வீட்டு உலை கொதிக்கிறதா?

ஸ்ரீபெரும்புதூரிலே பிறந்த இராமானுசர், மறைவாய்க் காக்கச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின் மேலேறி ஊரறியக் கூவினார் என்று பக்தர்கள் சொல்வார்கள். அந்தக் கதையை நம்புவோர் நம்பட்டும்; நாம் கூவ வேண்டிய மந்திரம் இதுதான்: அறிவு ஒரு சிலர் வீட்டு அட்டாலியிலே பூட்டி வைத்த பொருளன்று; தாயின் குருதியிலும் பிள்ளையின் தட்டிலும் விளைவது அது! கோபுரம் வேண்டாம், படப்பைத் தேநீர்க் கடை வாசலே போதும்.

அந்த எட்டு வயதுச் சிறுவன் மக்கல்லன். அவனுக்கு வரவேண்டியதை வரவிடாமல் செய்தோர் பட்டியல் நீளமானது. அதன் அடியிலே, வாளாவிருந்த நம் பெயரும் சிறிய எழுத்திலே இருக்கிறது. அவன் தம்பி இன்னும் பாட்டியின் மடியிலே இருக்கிறான். அவனது ஆயிரம் நாட்களில் இன்னும் சில நூறு எஞ்சியிருக்கின்றன.

எண்ணிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் எண்ணுங்கள்!